ஒன்று குறைந்த உடல் – கடிதம்

அன்புள்ள சார்,

பொது மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வார்டில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். முகத்துத் தடிப்புக்குத் தோல் மருத்துவர், கால்வீக்கத்துக்குச் சிறுநீரக மருத்துவர், ரத்தம் குறைந்ததற்கு இன்னொருவர், தூக்கமில்லாமல் குழம்பிப் பேசியதற்கு மனநல மருத்துவர் என்று ஆறு மாதம் அலைந்திருக்கிறார். கையில் நான்கு கோப்புகள். எங்கள் சீனியர் நான்கையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படித்துவிட்டு, லூபஸ் என்றார்; உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே பல இடங்களில் தாக்கும் நோய். அன்றிலிருந்து எனக்கு நோயெதிர்ப்பியல் (இம்யூனாலஜி) துறைமேல் ஆசை.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பயம் வந்துவிடுகிறது. செல்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளைக் குறிக்கும் சிடி எண்களே முந்நூறைத் தாண்டுகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இன்டர்லூகின்கள் முப்பதுக்கு மேல். இரவு படித்தது காலையில் நினைவில் இல்லை. மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் டி செல் என்ற வெள்ளணுவின் வளர்ச்சி பற்றிய அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். உடன் படிப்பவர்கள், “அது லேப்காரர்களின் பாடம். ஸ்டென்ட் கிடையாது, ஸ்கோப் கிடையாது, கையால் செய்ய ஒன்றுமே இல்லை” என்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது? எனக்கு இது சரிவருமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை. இந்தத் துறை வளர்ந்த வரிசையில் புத்தகம் எழுதப்படவில்லை, அதுதான் சிக்கல். புத்தகம் எலும்பு மஜ்ஜையில் தொடங்கும், செல்களை வகை பிரிக்கும், மூலக்கூறுகளை அடுக்கும். எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் நோயாளி வருவார். நடந்தது நேர்மாறு. உடலில் ஏதோ ஒன்று இல்லாமல் பிறந்த ஒருவர்தான் முதலில் வந்தார். அவரிடம் இல்லாதது எது என்று தேடிப்போனபோதுதான், அது நம் எல்லோரிடமும் இருக்கிறது என்பதும் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரியவந்தது. கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்.

1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவக் குழந்தை மருத்துவரின் கவனிப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நிமோனியா, ரத்தத்தில் கிருமி, மறுபடி நிமோனியா. மின்புலத்தில் புரதங்களைப் பிரித்துக்காட்டும் எலெக்ட்ரோஃபோரெசிஸ் அப்போது புதிது. சிறுவனின் சீரத்தை அதில் ஓட்டியபோது, காமா குளோபுலின் (கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் அடங்கிய புரதப் பகுதி) தெரியவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினைப் புரூட்டன் ஊசியாகக் கொடுத்தார். அடிக்கடி வந்த தொற்றுகள் அடங்கின. அதே சிகிச்சை இன்றும் தொடர்கிறது. காரணமான மரபணு கிடைக்க 1993 வரை ஆயிற்று. நீங்கள் மனப்பாடம் செய்யும் ‘பிடிகே’ அந்த மரபணுதான், அதன் முதல் எழுத்து இவருடைய பெயர்.

ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்லின் ‘பி’ கோழியிடமிருந்து வந்தது. கோழியின் கழிவுவாய்க்கு அருகே பர்சா என்ற சிறு பை உண்டு. அது எதற்கு என்று தெரிந்துகொள்ள, புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளிலிருந்து அதை வெட்டி எடுத்தார். குஞ்சுகள் பாட்டுக்கு வளர்ந்தன. பின்னர் உடன் படித்தவர் ஒருவர், ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் செய்துகாட்ட அந்தக் கோழிகளை வாங்கிப்போனார். பர்சா எடுக்கப்பட்டவற்றில் ஆன்டிபாடி உருவாகவில்லை. 1956இல் இது கோழி ஆய்வுக்கான இதழ் ஒன்றில் வந்தது. நோயெதிர்ப்பியலாளர்கள் பல ஆண்டுகள் அதைக் கவனிக்கவே இல்லை. 1961இல் ஜாக் மில்லர், பிறந்தவுடனே எலிக்குஞ்சுகளின் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அவற்றில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறைந்தன, உடல் மெலிந்தது, தொற்றில் இறந்தன. டி செல்லின் ‘டி’ அங்கிருந்து வந்தது. நீங்கள் மூன்று முறை நின்றுபோன அத்தியாயத்தின் வேர் இந்த இரண்டு வெட்டுகளில் இருக்கிறது.

இப்போது வார்டுக்கு வாருங்கள். ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த ஆண் குழந்தை. அதன்பின் காதில் சீழ், நிமோனியா, மறுபடி காதில் சீழ். ஏன் ஆறு மாதம்? தாயின் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்திருந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 3 வாரம். அது கரைந்து தீரும்வரை குழந்தை அம்மாவின் சேமிப்பில் வாழ்ந்தது. ஏன் ஆண் குழந்தை? அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. “குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். “குழந்தையின் தாய்மாமன் யாராவது சின்ன வயதிலேயே தவறிப்போனார்களா” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பாட்டி பதில் சொல்லாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ் வழிப் பரம்பரை என்றால் என்ன என்று அதன்பிறகு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

கிருமியின் பெயரைக் கேட்டதும், எதிர்ப்பின் எந்தப் பகுதி பழுது என்று ஊகிக்கப் பழகுவதுதான் இத்துறையின் முதல் பயிற்சி என்று நினைக்கிறேன். உறையுள்ள பாக்டீரியாக்கள் திரும்பத்திரும்ப நுரையீரலுக்கு வந்தால் ஆன்டிபாடியைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, வாயில் ஆறாத வெண்படலம், எடையும் ஏறவில்லை என்றால் டி செல். அது அவசர நிலை. உயிருள்ள தடுப்பூசி எதுவும் போடக்கூடாது, ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்றவேண்டும், மஜ்ஜை மாற்று பற்றி அன்றே பேசத் தொடங்கவேண்டும். கல்லீரலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் சீழ்க்கட்டி, நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை என்றால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு கிருமியை விழுங்குகிறது, ஆனால் கொல்ல முடியவில்லை. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் இரண்டாம் முறை வந்தால், காம்ப்ளிமென்ட் என்ற, படிப்படியாகத் தூண்டப்படும் ரத்தப் புரதத் தொடரின் கடைசிப் படிகள். பிறவிக் குறைபாடுகள் இன்று 500ஐத் தாண்டிவிட்டன. எல்லாம் எனக்கும் நினைவில் இல்லை, தேவையும் இல்லை. ஒரு நோட்டில் வயது, கிருமி, உடலில் எந்த இடம் என்று எழுதிவையுங்கள். பரிசோதனை முடிவு வருவதற்குமுன் உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள், பேனாவால். தவறிப்போன ஊகங்கள்தான் பின்னாளில் மறக்காமல் நிற்கும்.

இவையெல்லாம் குழந்தைகளின் நோய்தானே, நான் பெரியவர்கள் வார்டில் அல்லவா இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர்களிடம் அதே குறைகளை இப்போது நாமே உண்டாக்குகிறோம். எக்குலிசுமாப் காம்ப்ளிமென்டின் சி5ஐத் தடுக்கும் மருந்து, 2007இல் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பெறுபவருக்கு மெனிங்கோகாக்கஸ் வரும் ஆபத்து, சி5 இல்லாமல் பிறந்தவருக்கு இருப்பதைப் போன்றதே. அதனால்தான் மருந்துக்குமுன் தடுப்பூசி. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாத நோயாளிகளை எழுந்து நடக்கவைத்தன. உறங்கிக்கிடந்த காசநோயை அவை எழுப்புவது 2001இல் தெளிவாகத் தெரிந்தது. காசநோய்க் கட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்பி வைத்திருப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சிடிஎல்ஏ-4. டி செல்லுக்கு பிரேக் போடும் புரதம் அது. அதைத் தடுக்கும் இபிலிமுமாப் 2011இல் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. அதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசனும், இன்னொரு பிரேக்கான பிடி-1ஐக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரேக் போனதும் டி செல்கள் புற்றைத் தாக்கின, கூடவே குடலையும் தைராய்டையும் பிட்யூட்டரியையும் தாக்கின. 2014இல், அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்தவர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுக்கும் குடல் அழற்சி, ரத்த அணுக்களின் அழிவு, அத்துடன் அடிக்கடி தொற்று. அவர்களுக்கு உதவும் மருந்துகளில் ஒன்று அபடாசெப்ட். சிடிஎல்ஏ-4இன் ஒரு பகுதியைக் கொண்டே செய்யப்பட்டது, முடக்குவாதத்துக்காக வந்தது. ஆக, புற்றுநோய் வார்டில் ஒருவருக்கு அதை எடுத்துவிடுகிறோம், மூட்டுநோய் ஓ.பி.யில் ஒருவருக்கு அதைக் கூட்டிக் கொடுக்கிறோம், பரம்பரையாகக் குறைந்த ஒருவருக்கு ஈடுகட்டுகிறோம். இந்த மூவரையும் ஒரே வாரத்தில் நேரில் பார்த்த மாணவர் சிடிஎல்ஏ-4ஐ மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை.

எதிர்ப்புக் குறைவு ஒரு பக்கம், தன்னையே தாக்கும் எதிர்ப்பு இன்னொரு பக்கம் என்று புத்தகம் பிரிக்கும். நோயாளியின் உடலில் அந்தப் பிரிவு நிற்பதில்லை. 2020இல் கோவிடால் உயிருக்குப் போராடியவர்களில் பத்தில் ஒருவருக்கு, வைரஸை எதிர்க்கவேண்டிய தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களின் உடலே அவர்களுக்கு ஒரு குறையை உண்டாக்கியிருந்தது.

பரிசோதனைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இது என் தவறு. பயிற்சியில் இருந்தபோது, முழங்கால் வலியும் களைப்புமாக வந்த ஒரு பெண்ணுக்கு, வேறெதுவும் தோன்றாததால், சொந்தச் செல்களின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏஎன்ஏ டெஸ்ட் எழுதினேன். 1:80, அதாவது சீரத்தை எண்பது மடங்கு நீர்த்தபோதும், பாசிட்டிவ். “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு லூபஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறார். பயத்தில், குழந்தை பெறுவதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டிருக்கிறார். திரும்ப வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு லூபஸ் அப்போதும் இல்லை, பிறகும் வரவில்லை. என் ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: “டெஸ்ட் எழுதுவதற்குமுன் உனக்கு லூபஸ் சந்தேகம் இருந்ததா?” இல்லை என்றேன். “பிறகு ஏன் எழுதினாய்?” ஆரோக்கியமானவர்களிலேயே 1:80இல் சுமார் 13 சதவீதம் பேருக்கும், 1:160இல் சுமார் 5 சதவீதம் பேருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவாக வரும் என்று 1997இல் வந்த ஆய்வு சொல்கிறது. நான் அதைப் படித்தும் இருந்தேன். அந்தப் பெண்ணின் இரண்டு ஆண்டுகளை என்னால் திருப்பித்தர முடியாது.

ஆகவே லேபுக்குப் போங்கள். உங்கள் நண்பர்கள் இளக்காரமாகச் சொல்வதை நான் பரிந்துரையாகச் சொல்கிறேன். இரண்டு வாரமாவது இருட்டறையில், ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியின் முன் உட்காருங்கள். ஏஎன்ஏ டெஸ்டுக்குப் பயன்படும் ஹெப்-2 செல்களின் உட்கரு பச்சையாக ஒளிர்வதை, புள்ளிப்புள்ளியாகவும் சீராகவும் தெரிவதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு ஸ்லைடை 1:80 என்பதா 1:160 என்பதா என்று அனுபவமுள்ள இருவர் யோசித்து நிற்பதையும் பார்ப்பீர்கள். பிறகு எந்த ரிப்போர்ட்டையும் தீர்ப்பாகப் படிக்கமாட்டீர்கள். பிரிட்டனில் இத்துறையின் பயிற்சியாளர்கள் நோயாளிகளைப் பார்ப்பதோடு ஆய்வகத்தையும் நடத்தக் கற்று, நோயியல் கல்லூரியின் தேர்வையும் எழுதுகிறார்கள். அது சரியான முறை என்பது என் எண்ணம்.

பயிற்சியின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ முடித்தபின் அலர்ஜியும் இம்யூனாலஜியும் சேர்ந்த இரண்டு ஆண்டு ஃபெலோஷிப். அங்கே லூபஸ் நோயாளி ருமட்டாலஜிக்குப் போய்விடுவார். இந்தியாவில் மூன்று ஆண்டு டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு, ருமட்டாலஜியோடு சேர்ந்தது, மூட்டுநோயும் லூபஸுமே பெரும்பகுதி. எந்த வாசல் வழியாகப் போனாலும் ஒரு பகுதி விடுபடும். விடுபடுவது எது என்று முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தேடிப் போங்கள்.

கையால் செய்ய ஒன்றுமில்லை என்பது சரியல்ல. உங்கள் சீனியர் நான்கு கோப்புகளை ஒரு மேசையில் விரித்தார் இல்லையா, அதைத்தான் நாங்கள் கையால் செய்கிறோம். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். குளிரில் விரல் வெளுக்கிறதா, வாயில் புண் வந்துபோகிறதா, எத்தனை கரு கலைந்தது என்று, வேறு யாரும் கேட்காததைக் கேட்கவேண்டும். பிறகு அந்த நோயாளி முப்பது ஆண்டு உங்களோடு வருவார்.

அந்தப் பெண்ணின் நோயில் இருந்தே தொடங்குங்கள், ஒரு கேள்வி தருகிறேன். லூபஸில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் காம்ப்ளிமென்டுக்குப் பங்கு உண்டு. அப்படியானால் காம்ப்ளிமென்டின் முதல் படியான சி1க்யூ இல்லாமல் பிறந்தவர்களுக்கு லூபஸ் வரக்கூடாது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. ஏன்? செத்த செல்களை யார் அப்புறப்படுத்துகிறார்கள் என்று தேடிக்கொண்டு போனால் விடை கிடைக்கும். அந்த வழியில் டி செல் அத்தியாயமும் வரும்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சிறுநீரக பயாப்சி செய்தார்களா, என்ன வகை வந்தது, சிறுநீரில் புரதம் இறங்கிவிட்டதா, குழப்பம் தெளிந்து படிப்புக்கோ வேலைக்கோ திரும்பினாரா? விசாரித்து எழுதுங்கள், ம. காத்திருக்கிறேன்.