கையெழுத்து உங்களுடையது, வேலையை முடித்தது யார்?

கேள்வி (சுருக்கமாக): கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதிதாக வந்த மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் என்னை அவமானப்படுத்திக்கொண்டே இருந்தார். ஒரு நாள் எச்.ஆர். கூப்பிட்டு, ‘வேலையில் தரம் போதவில்லை. மாலை 5 மணிக்குள் ராஜினாமா கொடுங்கள், இல்லாவிட்டால் நாங்களே நீக்கிவிடுவோம்’ என்றார்கள். அவர்கள் நீட்டிய கடிதத்தில் கையெழுத்திட்டேன். இடிடி (கலிஃபோர்னியாவில் வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகை தரும் அரசுத் துறை) விண்ணப்பத்தில் ‘லே ஆஃப்’ (ஆட்குறைப்பு) என்று குறித்தேன். வாரம் 450 டாலர் வீதம் 4 வாரம் பணம் வந்தது. இப்போது நானாகவே வேலையை விட்டதாகவும் பொய்த் தகவல் கொடுத்ததாகவும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். வாங்கியதையும் அபராதத்தோடு திருப்பிக் கேட்கிறார்கள். கடிதங்களின் தேதி மார்ச் 4. வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவதாக நிறுவனம் சொல்கிறது. அந்த மேனேஜரைச் சும்மா விட எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய ஒன்பது பக்கத்தில் உங்கள் வழக்கு ஒரே வரியில் இருக்கிறது. ‘5 மணிக்குள் ராஜினாமா, இல்லாவிட்டால் நீக்கம்’ என்ற வரி அது. மற்றதை ஒதுக்கி வையுங்கள்.

ராஜினாமா செய் அல்லது நீக்குகிறேன் என்று முதலாளி சொல்லி, அதன்பேரில் தொழிலாளி கையெழுத்திட்டால், கலிஃபோர்னியாவில் உதவித்தொகையைப் பொறுத்தவரை அது பணிநீக்கம்தான். நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பது இதை வைத்தே முடிவாகிறது. நீங்களாக விட்டிருந்தால், தக்க காரணம் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அவர்கள் நீக்கியிருந்தால், நீங்கள் தவறான நடத்தையில் ஈடுபட்டதாக அவர்கள்தான் காட்ட வேண்டும். அது அவர்களுக்குச் சுலபமில்லை. திறமைக் குறைவு, எப்போதோ நடந்த சாதாரணக் கவனக்குறைவு, நல்லெண்ணத்தில் எடுத்த தப்பான முடிவு எதுவும் தவறான நடத்தை ஆகாது என்று 1959-இல் மேவுட் கிளாஸ் வழக்கிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘தரம் போதவில்லை’ என்பதுதான் அவர்கள் காரணம் என்றால், அது உங்களுக்குச் சாதகம்.

இப்படிப்பட்ட நல்ல வழக்கைக் கட்சிக்காரர்கள் தங்கள் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். இடிடியின் முடிவை எதிர்த்து அப்பீல் செய்தால், விசாரணையில் நீதிபதி ‘ஏன் வேலையை விட்டீர்கள்?’ என்று கேட்பார். மனதில் இருக்கும் ஆத்திரமெல்லாம் பேச்சில் வந்துவிடும்: மேனேஜர் கத்தினார், மீட்டிங்கில் கேவலப்படுத்தினார், தூக்கம் போனது, தாங்க முடியவில்லை. அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது, ‘மேனேஜரைப் பிடிக்காமல் இவரே விட்டுவிட்டார்’ என்பதுதான். உடனே சுமை உங்கள் பக்கம் திரும்பும். அடுத்த கேள்வி, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்ன முயற்சி எடுத்தீர்கள் என்பதாக இருக்கும். எச்.ஆரிடம் எழுத்தில் புகார் கொடுத்தீர்களா? வேறு டீம் கேட்டீர்களா? விடுப்பு கேட்டீர்களா? உங்கள் ஒன்பது பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மேனேஜர் கதையை நீங்களாக எடுக்காதீர்கள். ‘ராஜினாமா கொடுத்தீர்களா?’ என்றால் வெறும் ‘ஆமாம்’ என்று நிறுத்தவும் கூடாது. ‘கொடுத்தேன். அன்று 5 மணிக்குள் கொடுக்காவிட்டால் நீக்கிவிடுவதாகச் சொன்னதால் கொடுத்தேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

அன்றைய நாளை மணிக்கணக்கில் நிரூபிக்கப் பாருங்கள். மீட்டிங் அழைப்பு வந்த நேரம், கடிதத்தை எழுதித் தந்தது யார், லேப்டாப் முடக்கப்பட்ட நேரம், அன்று மாலை நண்பருக்கோ கணவருக்கோ அனுப்பிய மெசேஜ். கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று இருந்தால் அது யார் போட்ட வாசகம் என்பதையும் சொல்ல வேண்டும். விசாரணைக்கு முன்பு உங்கள் வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இடிடி அதிகாரி போனில் பேசியபோது நீங்கள் சொன்னதாக அவர் எழுதிய குறிப்பு அதில் இருக்கும். ‘மேற்பார்வையாளரோடு பிரச்சினை, அதனால் விட்டார்’ என்று அவர் சுருக்கியிருந்தால், அதற்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழ் மொழிபெயர்ப்பாளரை அப்பீலிலேயே கேளுங்கள், கட்டணம் கிடையாது. ஆபீசில் ஆங்கிலம் பேசுகிறோமே என்று வீம்புக்கு விட்டுவிடாதீர்கள். சத்தியப் பிரமாணத்தின் கீழ், ஒலிப்பதிவோடு, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்வது வேறு விஷயம். அடுத்த கட்டமாக மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனாலும் பெரும்பாலும் இந்தப் பதிவை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். புதுச் சாட்சியத்துக்கு அங்கே இடம் குறைவு.

கெடு 30 நாள். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 3. தகுதியின்மை உத்தரவு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் உத்தரவு இரண்டையும் எதிர்க்கிறேன் என்று அப்பீலில் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதி, ஜெயித்த பின்னும் மற்றொன்றில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்பீல் நடக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்டிஃபை செய்வதை (இன்னும் வேலையில்லை என்று இடிடிக்கு உறுதியளிப்பதை) நிறுத்தாதீர்கள். ‘மறுத்துவிட்டார்களே, எதற்கு?’ என்று விட்டுவிடுபவர்கள், கடைசியில் தீர்ப்பு சாதகமாக வந்தும் அந்த வாரங்களுக்குப் பணம் வாங்க முடியாமல் நிற்கிறார்கள். நீங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாக்காரரின் துணைக்கான விசா) இருந்தால், இஏடி (வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) செல்லாத வாரங்களுக்கு உரிமை கோராதீர்கள்.

நான் பயப்படுவது ‘லே ஆஃப்’ என்று நீங்கள் குறித்ததை நினைத்துத்தான். இப்போது கேட்பது 1,800 டாலரும் அதன்மேல் 30 சதவீத அபராதமாக 540 டாலரும். அதோடு சில வாரங்களுக்குத் தகுதி இழப்பும் வரும். இந்த அபராதம் செல்லுபடியாக வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே, பணம் பெறும் நோக்கத்தில் சொன்னீர்கள் என்று ஆக வேண்டும். குழப்பத்தில் குறித்தீர்கள் என்றால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ‘நிறுவனம்தான் என்னை அனுப்பியது. அதனால் அதுதான் பொருந்தும் என்று நினைத்தேன். ஆட்குறைப்பு எதுவும் நடக்கவில்லை, குறித்தது தவறு.’ இவ்வளவு போதும். ஆட்குறைப்பு நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று புதுக்கதை சேர்த்தால், தோல்வி இந்த ஒரு விஷயத்தோடு நிற்காது. 5 மணிக் கெடுவைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நீதிபதி நம்ப மாட்டார். அந்தக் கெடுவுக்கு உங்கள் வாய்மொழிதான் முதல் சாட்சி. வேண்டுமென்று செய்ததல்ல என்று முடிவானால் அந்த 540 டாலர் அபராதம் நீங்கிவிடும். மீதிக் கடன் இருந்தாலும் குடும்பக் கஷ்டத்தைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். மோசடி என்று முடிவானால் தள்ளுபடி இல்லை.

மேனேஜர் மீதான வழக்கு பற்றி: கத்தியதற்கும் கேவலப்படுத்தியதற்கும் மட்டும் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. இனம், பாலினம், வயது, கர்ப்பம், மருத்துவ விடுப்பு, சட்டமீறலைப் புகார் செய்தது போன்ற ஒன்றோடு அது சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இல்லையென்றால் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சமரசம் செய்யுங்கள். உங்களுக்கு இது கசக்கும், தெரியும்.

அதில் கையெழுத்திட்டால் உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் கலிஃபோர்னியாவில் செல்லாது. ஆனால் கையெழுத்துக்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். தொகையை ‘நோட்டீஸ் காலச் சம்பளம்’ என்று எழுதியிருந்தால் இடிடி அதைச் சம்பளமாகக் கருதி அந்த வாரங்களின் உதவித்தொகையைக் கழிக்கும். ‘செவரன்ஸ்’ (பணி முடிவுக்கான ஈட்டுத்தொகை) என்று மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, பணியை முடிக்கும் முடிவை எடுத்தது நிறுவனமே என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். நடந்ததும் அதுதான் என்பதால் அவர்கள் மறுக்க நியாயமில்லை. அந்த வரி கிடைத்தால் விசாரணைக்கு நீங்கள் கொண்டுபோகும் மிகப் பெரிய ஆவணம் அதுவே. அவர்கள் ‘தானாகவே விலகினார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அது நீங்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.