பத்ரோன் வீட்டுக்கு எந்த வைன் கொண்டுபோவது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, போர்தோவுக்கு வந்து நாலு மாதம், உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன், பத்ரோன், அதாவது முதலாளி, சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், லெயோவில் பார்டன் என்றொரு வைன் பெரிய சாமானாம், தொண்ணூறு யூரோ கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாமா, செப்டெம்பரில் முந்திரிகை (திராட்சை) பிடுங்கப் போனால் காசு மிஞ்சுமா, கார்த் விதால் என்கிற மருத்துவக் காப்புறுதி அட்டை எப்போது வரும் என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். கார்த் விதால் வரும்போது வரும், வருகிற கடிதங்களை எறியாமல் வைத்திருங்கள். வைன் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இதே பிழையை இதே வைனோடு நானும் விட்டவன்.

வாங்காதீர்கள். வைன் கூடாது என்று சொல்லவில்லை. 1855இல் போர்தோவுக்குப் பக்கத்து மெடோக் பகுதியின் வைன் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது இரண்டாம் வரிசையில் வைத்த தோட்டம் அது. முக்கால்வாசிக்குக் கிட்ட கபெர்னே சொவின்யோன் என்கிற துவர்ப்புக் கூடின முந்திரிகை இனம். அதனால்தான் கடையில் இப்போது கிடைக்கிற இளசைத் திறந்தால் கச்சல் வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு முழுக்கத் துவர்க்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாவது இருட்டில் படுத்துக் கிடக்கவேண்டும். உங்கள் பத்ரோனுக்கு அது தெரியும். அன்றைய கறிக்கு என்ன வைன் என்று மனிசனும் மனிசியும் முதலே தெரிவு செய்து, திறந்தும் வைத்திருப்பார்கள். நீங்கள் நீட்டுகிற போத்தலை ஆகா ஓகோ என்று வாங்கி நிலவறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், உங்களுக்கு மூஞ்சி விழுந்துவிடும்.

எங்கள் சனம் இந்தப் போத்தல்களைப் படுத்துகிற பாடு வேறு. பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பல் பக்கம் ஒரு சாமத்திய வீட்டில் ஒருவர் பொன்னெழுத்துப் போட்ட மெடோக் வைனுக்குள் கொக்கோகோலா ஊற்றிக் குடித்ததை என் கண்ணால் கண்டேன். இருபத்தைந்து வருடம் பிரான்சில் இருந்தவர், போத்தலில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது, விலை மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பார்டன் குடும்பத்தின் கதை தெரிந்தால் இப்படி ஊற்ற மனம் வராது. பார்டன் என்பது பிரெஞ்சுப் பெயரே இல்லை. அவர்களும் எங்களைப் போல வந்தான் வரத்தான்கள்தான். தோமஸ் பார்டன் அயர்லாந்திலிருந்து வந்து 1725இல் போர்தோவில் வைன் வியாபாரம் தொடங்கினவர். நல்லாய்ச் சம்பாதித்தார், ஆனால் இங்கே காணி வாங்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி வெளிநாட்டவன் செத்தால் அவன் சொத்து ராசாவுக்குப் போய்விடும். அதனால் மெடோக்கில் சான் எஸ்தேஃப் என்ற ஊரில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, காணியை அயர்லாந்தில் வாங்கினார். ஊரில் வளவு வாங்கிவிட்டு இங்கே வாடகை வீட்டில் இருக்கிற எங்கள் அண்ணன்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் ஹியூ பார்டனைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிடித்து மறியலில் போட்டார்கள். வெளியே வந்தபின் அவர் அயர்லாந்துக்குப் போய்விட, கெஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரப் பங்காளி இங்கே வியாபாரத்தைக் கட்டிக் காத்தார். பிறகுதான், 1821இல் சான் ஜூலியன் என்ற ஊரில் லாங்கோவா தோட்டத்தை வாங்கினார்கள், புரட்சியோடு உடைந்துபோன லெயோவில் தோட்டத்தில் ஒரு துண்டை 1826இல். கிட்டத்தட்ட நூறு வருடம்! லெயோவில் பார்டனுக்கு இன்றைக்கும் சொந்த மாளிகை கிடையாது, லாங்கோவா வீட்டில்தான் அதற்கும் குடித்தனம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் வந்தபோது, சொந்தக்காரர் ஐரிஷ்காரர், நடுநிலை நாட்டவர் என்று சொல்லித்தான் தோட்டத்தைக் காப்பாற்றினார்களாம். எந்தக் கடவுச்சீட்டு எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும். அப்புறம் 1951இல் அந்தனி பார்டன் அயர்லாந்திலிருந்து சித்தப்பா பெரியப்பா முறையான, அப்போதைய சொந்தக்காரர் ரொனால்டிடம் வந்து சேர்ந்தார், தோட்டம் கைக்கு வந்தது 1983இல். முப்பத்திரண்டு வருடம் பெறாமகனாகக் காத்திருந்த மனிசன். பக்கத்துத் தோட்டங்கள் விலையைத் தூக்கியபோதெல்லாம் இவர் அடக்கி வாசித்தார், அதற்காகவே இங்கே மரியாதை. 2022இல் காலமானார், இப்போது மகள் லிலியன் தன் பிள்ளைகளோடு பார்க்கிறார்.

முந்திரிகை பிடுங்கப் போகிற கதைக்கு வருவோம். போங்கள், ஆனால் வேலை தருகிறவன் தோட்டக்காரனா, ஆள் பிடித்துக் கொடுக்கிற இடைத்தரகனா என்று முதலில் பாருங்கள். நான் போன முதல் வருடம் முறை சொல்லி அழைத்த ஒரு நம்மவர்தான் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கையெழுத்து வைத்த ஒப்பந்தமும் இல்லை, ஃபிஷ் து பே என்கிற சம்பளத் துண்டும் இல்லை, படுத்த கட்டிலுக்கும் வான் எண்ணெய்க்கும் கழித்து மூன்று கிழமை வேலைக்குக் கையில் தந்தது இருநூற்றுச் சொச்சம். ஒப்பந்தத்தைக் கண்ணால் காணாமல் வானில் ஏறாதீர்கள். நீங்கள் மாணவ விசா என்றால் வருடத்துக்கு 964 மணித்தியாலம்தான், கோப்பை கழுவுகிற நேரமும் அதற்குள் அடக்கம்.

ஊரில் கோண்டாவில் பக்கம் முந்திரிகையைப் பந்தலில் விடுவார்கள், கீழே நின்று அண்ணாந்து பறிக்கலாம். அந்த நினைப்பில் போனேன். மெடோக்கில் கொடியின் தண்டு முழங்காலுக்கு மேலே வராது, குலை கூழாங்கல்லைத் தொடுமாப்போலத் தொங்கும். குனிந்து கத்தரியால் வெட்டி வெட்டி, மூன்றாம் நாள் சப்பாத்து நாடா கட்டவே முடியாமல் போய்விட்டது. இடது கைச் சுட்டுவிரலில் அந்தக் கத்தரியின் தழும்பு இன்னும் இருக்கிறது, குளிருக்கு வெள்ளையாகத் தெரியும்.

சரி, என் பிழையைச் சொல்லி முடிக்கிறேன். 2004இல் அப்போதைய பத்ரோன் கூப்பிட்டார். ஒரு நாள் கூலியைக் கொடுத்து 2001ஆம் ஆண்டு லெயோவில் பார்டன் ஒன்று வாங்கிப் போனேன். அவர் மனிசி அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நேரே கீழே கொண்டுபோய்விட்டார். இரவு முழுக்க வேறு எதையோ குடித்தோம். வெள்ளைக்காரனுக்கு நன்றி கிடையாது என்று கோயிலில் சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் வேறு வேலைக்கு மாறி, பத்ரோன் ஓய்வு பெற்று, 2016இல் ஒரு நாள் தொலைபேசி வந்தது, உன் போத்தல் பழுத்துவிட்டது, வா என்று. லேபிளின் மூலையில் பென்சிலால் என் பெயரும் 2004 என்றும் எழுதியிருந்தது. கழுத்துக்குக் கீழே மெழுகுதிரி பிடித்து, மண்டி வராமல் மெதுவாகச் சரித்து ஊற்றினார் கிழவர், அடியில் இரண்டு விரல் அளவு விட்டுவிட்டார். எனக்கு அதையும் குடிக்கலாமே என்று இருந்தது. துவர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, சுருட்டுப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. வெறும் போத்தலைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது குசினியில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறோம்.

வைன்தான் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தால், அதே குடும்பம் 2011இல் மூலிஸ் என்ற ஊரில் வாங்கிய மொவெசான் பார்டன் தோட்டத்து வைன் இருக்கிறது, லெயோவில் விலையில் கால்வாசியும் வராது, இளசாகவும் குடிக்கலாம். இல்லாவிட்டால் பூ. செவ்வந்தி மட்டும் வேண்டாம், இங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ. எட்டு மணி என்றால் எட்டேகாலுக்குப் போங்கள், ஏழரைக்குப் போய் வாசலில் நிற்காதீர்கள்.