'தேவகேட்டை' என்று படிக்கும் பையன்: வாசகர் கேள்வி-பதில்

காரைக்குடி சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக அலைந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மகன் மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான், கடையில் மீதிச் சில்லறை பிசகாது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தண்ணீர், ஒன்றுக்கு என்று எழுந்துவிடுகிறான். சோம்பேறி என்கிறார் டீச்சர். ட்யூஷன் வைக்கலாமா? - ஒரு தாய், பள்ளத்தூர்

ட்யூஷன் இருக்கட்டும். அவன் எந்த எழுத்தில் சறுக்குகிறான் என்று பார்த்தீர்களா? இப்படித்தான் ஒரு பையனை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, வந்த பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னேன். 'தேவகோட்டை'யை 'தேவகேட்டை' என்றான். கூட வந்த அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. 'தே' சரியாக வந்துவிட்டது. 'கோ'வில் பின்னால் நிற்கிற துணைக்காலைத்தான் கண் விட்டிருக்கிறது. வாயில் முதலில் 'க்' வருகிறது, அப்புறம் 'ஓ'. எழுத்திலோ கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. நமக்குப் பழகிவிட்டது, அவனுக்கு அது மூன்று துண்டு.

ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தாமல் குறித்து வையுங்கள். கொம்பா, காலா, ல-ள-ழ குழப்பமா, புள்ளியை விடுகிறானா, எழுத்து தெரிந்தும் சொல்லாகச் சேர்க்க முடியவில்லையா? ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். தாம்பாளத்தில் பச்சரிசி மாவைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு வாரம் முழுக்கக் 'கொ' மட்டும்: கொடி, கொக்கு, கொலுசு. அடுத்த வாரம் 'கோ': கோழி, கோவில், கோட்டை. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி ஒப்பிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிழைக்குத் தண்டனையாக இருபது தடவை எழுதச் சொல்லவே சொல்லாதீர்கள். விருந்தாளி முன்னால் வாசிக்கச் சொல்வதும் வேண்டாம்.

கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்து, சில மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் இதே தடுமாற்றம் என்றால் டிஸ்லெக்சியாவா (வாசிப்பைத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு) என்று பார்க்க வேண்டும். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பள்ளி மூலமாகவே வரவழைக்கலாம்.

கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது ஊர் என்ன சொல்லும்? - ஒரு தந்தை, கானாடுகாத்தான்

ஊர் இப்போதே 'மக்கு' என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவற்றுக்கு அந்தச் சட்டம் இடம் தருகிறது. பத்தாம் வகுப்பில் கேட்கப்போகும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். வாங்கிப் பெட்டியில் வையுங்கள். வாசலில் யாரும் ஒட்டச் சொல்லவில்லை.

பேத்திக்குக் காதில் மிஷின் வைத்தாகிவிட்டது, முன் பெஞ்சிலும் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் பாடம் புரியவில்லை என்கிறாள். மிஷின் வேறு விசில் அடிக்கிறது. - அப்பத்தா, தேவகோட்டை

விசில் என்றால் பெரும்பாலும் காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்திருக்கும், ஆச்சி. பிள்ளை வளர வளரக் காதும் வளரும். அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும். தினமும் காலையில் பேட்டரியைப் பாருங்கள். மிஷின் சத்தத்தைத்தான் கூட்டும். ஃபேன், பக்கத்து வகுப்பு இரைச்சல் எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் அவளுக்குப் போயிற்று. எழுதி முடித்து, திரும்பி நின்று பேசச் சொல்லுங்கள்.

மூன்று வகுப்பும் ஒரே அறையில். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுமி 'அரும்பு' நிலையிலேயே நிற்கிறாள். என்னால் அவளுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. - ஆசிரியை, கல்லல்

குற்ற உணர்ச்சி வேண்டாம், டீச்சர். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கத்தான். இந்தப் பருவத்துக்கு ஐந்தே சொல் போதும். அவள் பெயர், அம்மா, பால், முட்டை, பஸ். முட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அட்டையைக் காட்டுங்கள். வகுப்பு படம் பார்த்துக் கதை பேசும்போது அவளும் அதே படத்தைப் பார்க்கட்டும். மற்றவர்கள் வாக்கியம் எழுத, அவள் ஒரு சொல்லை ஒட்டட்டும்.

சிறப்பாசிரியர் வரும் நாளில் அவளைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போக விடாதீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் அழைத்துப்போனேன். நான் கிளம்பிய பிறகு அந்தப் பிள்ளையோடு எப்படிப் பழகுவது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் பாருங்கள்.

பையன் போர்டைப் பார்த்து எழுதுவதே இல்லை, பக்கத்துப் பையன் நோட்டைத்தான் பார்க்கிறான். - புதுவயல்

கண் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வாரமே.