மிதி கால்வாயில் படகு மேடு ஏறுவது எப்படி?

பிரான்சில் துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் மிதி கால்வாய் நடுவில் ஒரு மேட்டைத் தாண்டுகிறதே, படகு எப்படி ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். படகு ஏறுவதில்லை, தண்ணீர்தான் அதைத் தூக்கிவிடுகிறது.

வழி நெடுக லாக் எனப்படும் கல் தொட்டிகள், இரு முனையிலும் கதவுகளோடு. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்பக்க மதகைத் திறப்பார்கள். தண்ணீர் குபுகுபுவென்று பாயும்போது படகு ஆடும். கயிற்றைக் கரையிலுள்ள முளையில் சுற்றி, மட்டம் ஏற ஏற இழுத்துப் பிடிக்க வேண்டும். முடிச்சு மட்டும் போட்டுவிடாதீர்கள். இறங்கும்போது தண்ணீர் வடிந்து, படகு கயிற்றில் தொங்கிவிடும்!

சரி, உச்சிக்குத் தண்ணீர் ஏது? அங்கேதான் இந்தக் கால்வாயைக் கட்டிய பியர்-போல் ரிக்கேயின் மூளை. கறுப்பு மலை ஓடைகளைச் சேன் ஃபெரியோல் அணையில் தேக்கி, சுமார் 190 மீட்டர் உயரத்திலுள்ள நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. 1666இல் அரச அனுமதி கிடைத்தது, 1681இல் கால்வாய் திறந்தது. பாவம், மனிதர் 1680இலேயே இறந்துவிட்டார்.

வாடகைப் படகு ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். வேகம் மணிக்கு 8 கி.மீ.தான், கரையில் போகும் சைக்கிள்காரர் சுலபமாக முந்திவிடுவார்.