பழைய போர்ப்படங்களின் கலெக்டர்ஸ் எடிஷன் பெட்டிகள் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ மாதிரியான படங்கள் ஓடிடியிலேயே கிடைக்கும்போது, அட்டைப் பெட்டிக்கும் தகர டப்பாவுக்கும் எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தகரத்துக்குச் செலவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் தாளுக்குச் செய்யலாம். இதுதான் என் கட்சி.

நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம், அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1957-ல் வந்து 7 ஆஸ்கர் வாங்கிய படம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள், சயாமில் (இன்றைய தாய்லாந்து) அவர்களுடைய ரயில்பாதைக்காக ஒரு பாலம் கட்டும் கதை. 2010-ல் கொலம்பியா ஸ்டுடியோ படச்சுருளை 4கே-யில் ஸ்கேன் செய்து சீராக்கி, ப்ளூரேயாக முதன்முதலில் வெளியிட்டபோது ஒரு கலெக்டர்ஸ் எடிஷன் போட்டார்கள். ப்ளூரே ஒன்று, டிவிடி ஒன்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று, கூடவே 12 லாபி கார்டுகளின் மறுபதிப்பு.

நம் ஊர் தியேட்டர் முகப்பில் கண்ணாடிக்குள் ஸ்டில்களைக் குத்தி வைத்திருப்பார்களே, அதன் அமெரிக்க வடிவம்தான் லாபி கார்டு. 11-க்கு 14 அங்குலத்தில் கெட்டித்தாளில் அச்சாகிப் பெரும்பாலும் எட்டு எட்டாகத் தியேட்டருக்குப் போகும். படம் மாறியதும் தூக்கிப்போட வேண்டியது. அதனால்தான் தப்பிப் பிழைத்த அசல்களுக்கு இன்று அவ்வளவு விலை. பெட்டியில் இருப்பவை சின்ன அளவு நகல்கள்தான். இருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், படத்தை அன்று எப்படி விற்றார்கள் என்பது புரியும்.

விற்பனை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1957 போஸ்டர்களில் திரைக்கதை என்ற இடத்தில் பியர் பூல் பெயர் இருக்கும். மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர், ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர் அல்ல. ஆனால் திரைக்கதைக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் போனது! உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை கொடுக்கக் கூடாதவர்கள் என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்ததால் அவர்கள் பெயரைப் போட ஸ்டுடியோவுக்குத் துணிவில்லை. 1980-களின் நடுவில் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி அந்தப் பரிசை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தபோது இருவருமே உயிரோடு இல்லை. சீராக்கிய பதிப்பின் டைட்டிலில் இப்போது அவர்கள் பெயர்தான் வருகிறது. பழைய போஸ்டர் ஒன்றையும் புது டிஸ்க்கின் டைட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தனியாக விளக்கம் எதுவும் தேவைப்படாது. இந்த மாதிரித் தாள் ஸ்ட்ரீமிங்கில் வராது.

ஆனால் விளம்பரத் தாளை அப்படியே நம்பவும் கூடாது. அந்தப் பாலத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் செலவானதாக அன்றைக்கு அடித்துவிட்டார்கள். ஆனது அதைவிட வெகு குறைவு. படத்தில் சயாம் காடு என்று காட்டுவது இலங்கையின் கித்துல்கல, பாலத்துக்கடியில் ஓடுவது களனி ஆறு. 1957 மார்ச் 10 அன்று பிரதமர் பண்டாரநாயக்க நேரில் வந்து பார்க்க, பாலத்தைத் தகர்த்தார்கள். நிஜ சயாம் ரயில்பாதையில் ஏறக்குறைய 12,000 நேசநாட்டுக் கைதிகள் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள், அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம். படத்தில் அந்தப் பாலத்தைக் கட்டுகிற ஆட்களில் அவர்கள் யாருமே கிடையாது. பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு இந்த உறுத்தல் போகவில்லை.

தாள் படத்தின் பகுதியாகவே இருந்ததற்கு இன்னொரு உதாரணம் வியட்நாம் போர்ப்படமான ‘அபோகலிப்ஸ் நவ்’. 1979-ல் அதன் 70 எம்எம் பிரதியில் டைட்டிலும் கிடையாது, கடைசியில் பெயர்ப் பட்டியலும் கிடையாது. நடித்தவர்கள், உழைத்தவர்கள் பெயரெல்லாம் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தைப் பார்வையாளர் கையில் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தின் நல்ல மறுபதிப்பு எங்கே கிடைத்தாலும் நான் வாங்குவேன்.

ஸ்டீல்புக் என்கிற தகர டப்பா பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அலமாரியில் பளபளவென்று நிற்கும், கூரியரில் வரும்போதே மூலை நசுங்கும், உள்ளே பெரும்பாலும் அதே டிஸ்க்தான். டிஸ்க்கையும் தாள்களையும் ஒரே புத்தகமாகக் கட்டிய டிஜிபுக் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் டிஸ்க்கை அட்டை உறையில் செருகி வைத்திருந்தால், எடுக்கும்போதெல்லாம் கீறல் விழும். நான் டிஸ்க்கைச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, புத்தகத்தைப் புத்தகங்களோடு வைத்துவிடுவேன்.

வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்வாய்க்குத் திரையின் அகல-உயர விகிதம் 2.55:1 என்று இருக்க வேண்டும். பழைய விஎச்எஸ் வீடியோ கேசட் பதிப்புகளில் டிவி சதுரத்துக்காக வெட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான படம் காணாமல் போயிருந்தது. அடுத்து ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயர்களில் டிஸ்க் ஓடும் என்கிற எழுத்து. இந்தியா, இலங்கை இரண்டுமே ப்ளூரேக்கு சி, அமெரிக்கா ஏ. வேறு ரீஜனுக்கென்று பூட்டுப் போட்ட டிஸ்க் நம் பிளேயரில் ஓடாது. 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

க்வாயின் 4கே டிஸ்க் 2017-ல் வந்துவிட்டது. வெறும் படம்தான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், 2010 பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். பெட்டிதான் வேண்டும் என்றால் இனி பழையதாகத்தான் கிடைக்கும். பணம் அனுப்புமுன் 12 கார்டையும் தரையில் பரப்பி ஒரே போட்டோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகத்தின் முதுகுப் பக்கம் பிரிந்திருக்கிறதா என்று தெரிய இன்னொரு போட்டோ. ‘எல்லாம் இருக்கு சார்’ என்று வாயால் மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.