வளர்ந்த பிறகும் தேவதைக் கதைகளும் இளையோர் நாவல்களும் படிப்பது நிஜத்துக்குப் பயந்து ஒளிவதா?

வயது இருபத்து நான்கு, வேலைக்குப் போகிறேன், ஆனாலும் கையில் எடுப்பது தேவதைக் கதைகளும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் நாவல்களும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்கிறார்களாம். இது நிஜத்துக்குப் பயந்து ஒளிந்துகொள்வதா என்று கேட்கிறீர்கள்.

இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல எனக்கு ஒன்பது வயதாக இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், தோட்டத்துச் சாளையில் அம்மாயி வீடு. அம்மாயி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மா. அப்பாவோடு கோபித்துக்கொண்டு அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிட்டாள். எட்டு மாதம் இருந்தோம். அந்த வருடம் கடலை நல்ல விளைச்சல். பொழுது சாய்ந்ததும் வாசலில் கடலைக்கொடியைக் குவித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வோம். பிள்ளைகளின் கை ஓயக் கூடாது என்பதற்காகவே அம்மாயி கதை சொல்லும். ஒரே நிபந்தனை, 'உம்' கொட்ட வேண்டும். கொட்டுவது நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கீட்டீங்களா? செரி, மீதி நாளைக்கு."

அப்படி ஒரு நாள் வந்ததுதான் மூத்தாள் பிள்ளை கதை. தாய் செத்துப்போகிறாள், அப்பன் இளையாளைக் கட்டிக்கொண்டு வருகிறான், அவள் மூத்தாள் பிள்ளையிடம் ஓட்டைக் குடத்தைக் கொடுத்து நிறையத் தண்ணீர் கொண்டுவா என்கிறாள். கிணற்றடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைக்கு ஒரு தவளை இரக்கப்பட்டு, குடத்துக்குள் குதித்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. எனக்குத் தவளை முக்கியமில்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று பெரியவர்கள் திண்ணையில் குசுகுசுவென்று பேசியது ஏற்கெனவே என் காதில் விழுந்திருந்தது. கேட்டால் "ஒண்ணுமில்லெ சாமி, போய் வெளையாடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒண்ணுமில்லை என்று சொல்லாமல், என் நெஞ்சில் கிடந்ததை அப்படியே எடுத்துப் பேசியது அந்தக் கதை ஒன்றுதான். அன்று நான் கொட்டிய 'உம்' எனக்கே பெரிதாகக் கேட்டது. அம்மாயி தெரிந்துதான் அந்தக் கதையை எடுத்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தேவதைக் கதை என்றதும் இறக்கையும் மந்திரக்கோலும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பழைய கதைகளைப் புரட்டினால் அடியில் கிடப்பது வேறு. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் தொகுதி குறிப்புரைகளோடு வந்த, படிப்பாளிகளுக்கான புத்தகம். அதில் ஸ்னோ ஒயிட்டைக் கொன்றுவிட்டு வரச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பிள்ளைகளுக்கென்று ஐம்பது கதைகளைப் பொறுக்கியெடுத்த சிறு பதிப்பு 1825-ல் வந்தது. அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே, 1697-ல், பிரெஞ்சில் பெரோ எழுதிய கதையில் சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடுகிறது, அதோடு சரி. வயிற்றைக் கிழித்து அவளை மீட்க எந்த வேட்டைக்காரனும் வருவதில்லை. பஞ்சத்தில் சோறு போட முடியாமல் பெற்ற பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிற கதையும் இந்த வகைதான். பசி, கைவிடப்படுதல், பெற்றவர்களே எதிரி ஆகிவிடுவது. இதில் நிஜம் இல்லாத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. மந்திரம் வருவது அந்தப் பயத்தை ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கும்படி ஆக்குவதற்கு.

நீதிக் கதைகளை இதோடு சேர்க்காதீர்கள். 'ஆகவே குழந்தைகளே' என்று முடிகிற கதை எதுவும் எனக்கு ஒட்டியதில்லை. அம்மாயி ஒருநாளும் நீதி சொன்னதில்லை. கதை முடிந்தால் கொடியை உதறிவிட்டு எழுந்து போய்விடும்.

இளையோர் நாவலுக்கு வருகிறேன். அது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். எங்கள் கொங்கு நாட்டின் பெருங்கதையே பதினாறு வயதுக்காரர்களின் கதை. அண்ணன்மார் சாமி கதையைச் சொல்கிறேன். பங்காளிகளிடம் படாத பாடு பட்ட குன்னுடையானுக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னர், சங்கர் இருவருக்கும் ஆயுசு பதினாறு. கேட்க உட்காரும் ஒவ்வொருவருக்கும் அது முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் உடுக்கடிப் பாட்டை ராத்திரி ராத்திரியாகக் கேட்டார்கள். நடக்கப் போவதை முன்கூட்டியே உணர்கிறவள் தங்கை அருக்காணி தங்காள். அவளுக்காகப் பிடித்து வந்த கிளியில் தொடங்கும் பகை கொம்பன் என்ற காட்டுப்பன்றி வரைக்கும் போகிறது.

அந்த வேட்டைக்கு அண்ணன்மார் ஊர் நாயையெல்லாம் திரட்டிக்கொண்டு போவார்கள், பொன்னாச்சி என்ற குட்டி நாயை மட்டும் உதவாது என்று விட்டுவிட்டு. கடைசியில் அவள் வராமல் கொம்பன் சாகாது. சிறு வயதில் அந்த இடம் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் ரோஷத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன இடத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. கோயில் நோன்பில் படுகளம் விழும்போது, மாண்டவர்களைப் போல் கிடக்கும் இளவட்டங்களை எழுப்புவதற்காக ஊரே சுற்றி நிற்கும். 1965-ல் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி இந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதனால்தான் அன்று பாடியது இன்று எழுத்திலும் இருக்கிறது. இளவயதின் கோபத்தையும் சாவையும் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கத் தகுந்த விஷயமாக நினைத்த ஊர் எங்களுடையது.

அமெரிக்காவில் 1967-ல் வெளியான 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ். இ. ஹின்டன் எழுதியது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. அச்சில் வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. பெண் எழுதியது என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பாளர் பெயரைச் சுருக்கி முதலெழுத்துகளாகப் போட்டார்கள். இளையோர் நாவல் என்று தனி அடுக்கு உருவானதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த வயதைத் தாண்டி வந்தவர் திரும்பிப் பார்த்து எழுதியது இல்லை, அதற்குள்ளேயே இருந்துகொண்டு எழுதியது.

தமிழில் இந்த அடுக்கு இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறது. நாங்கள் 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்களைக் கிழியக் கிழியப் படித்தோம். (தோளில் வேதாளத்தைச் சுமந்து கையில் உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த ஓவியர் சங்கர் எங்கள் பக்கத்து ஆள். தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவில் 1924-ல் பிறந்தவர். 2020-ல் காலமான பிறகு அடுத்த வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.) அங்கிருந்து ஒரே தாவில் கோவை ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களுக்குப் போய்விட்டோம். அவை பிடித்தன, விடிய விடியப் படித்திருக்கிறேன். ஆனால் பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், உயிர்த் தோழி பேசாமல் போனால் என்ன செய்வது, அப்பாவை வெறுக்கிற நாளில் அவர் வாங்கி வந்த பலகாரத்தைத் தின்னலாமா என்றெல்லாம் பேச எங்களுக்குப் புத்தகம் இல்லை.

அந்த இல்லாமையை நான் உணர்ந்தது பிளஸ் ஒன்னில். மார்க்குக்காக என்னை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும், ராத்திரி பதினொன்றுக்கு விளக்கு அணையும், நடுவில் எல்லாம் படிப்பு. பெட்டியைச் சோதனை போட்டபோது என்னிடம் இருந்த இரண்டு கதைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார்கள். திரும்ப வரவே இல்லை. "கதை படிச்சா சென்டம் வருமா?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் அறையில் பதினெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் வீட்டு ஞாபகம், அத்தனை பேருக்கும் பயம், வாய் திறந்து சொல்ல நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

ஒரு ராத்திரி விளக்கு அணைந்த பிறகு நான் கதை சொல்ல ஆரம்பித்தேன், 'உம்' கொட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அம்மாயி ஒரே ஒரு தடவை சொன்ன கதை அது. ஏ. கே. ராமானுஜன் 1991-ல் கொண்டுவந்த இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் அதே தமிழ்க் கதை இருப்பதைப் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

ஒரு கிழவி. இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் ஏசுவார்கள். யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுக்கொள்வாள். போட்டுக்கொள்ளப் போட்டுக்கொள்ள உடம்பு பெருத்துக்கொண்டே போகும், அதற்கும் ஏச்சு. ஒருநாள் கால் போன போக்கில் போய், ஊர்க்கோடியில் கூரையில்லாத பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பும் கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மருமகளைப் பற்றி, அடுத்ததிடம் இளையவன், அடுத்தது அவன் பெண்டாட்டி. நாலு சுவரும் மண்ணாகிப் போய், நடுவில் லேசான உடம்போடு அவள் நிற்கிறாள்.

இருட்டில் பல பேரிடமிருந்து 'உம்' வந்தது. பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண், வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாதவள், கதை முடிந்து வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "சுவரெல்லாம் இடிஞ்ச பிறகு அந்தப் பாட்டி எங்கே போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பொங்கல் லீவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது அம்மாயியிடமே கேட்டேன். கட்டுத்தறியில் சாணி வழித்துக்கொண்டிருந்தது. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"எங்க போவா? ஊட்டுக்குத்தான். பொழுதாயிருச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமல்லொ."

நிஜத்துக்குப் பயந்து ஒளிவதா என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் கிடையாது. லீவு முடிந்து விடுதிக்குத் திரும்பியதும், பெட்டியை இறக்கி வைக்கக்கூட இல்லை, நேராக அந்தப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் போய் இதைச் சொன்னேன்.