ஓட்டப்பந்தயத்தில் வகுப்பைக் கேட்பதில்லை

கேள்வி: என் மகளும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற தோழியும் ஒன்பதாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற முதல் சுற்று) தோழியை 14 வயதுப் பிரிவில் ஓட விட்டார்கள், என் மகளை மட்டும் பத்தாம் வகுப்புப் பெண்களோடு 17 வயதில் நிறுத்திவிட்டார்கள். டெக்சாஸில் படிக்கிற என் அண்ணன் மகன், அவன் பள்ளி ‘ஃபைவ் ஏ’, தங்கள் அளவு பள்ளிகளோடுதான் மோதுவோம் என்கிறான். இங்கே என்ன கணக்கு?
- ஒரு அம்மா, பென்னாகரம்

பதில்: பி.டி. சாரைத் திட்டாதீர்கள், அவர் கையில் எதுவும் இல்லை. நம்மிடம் பிரிவு 14, 17, 19 என்று வயதை வைத்துத்தான், வகுப்பை யாரும் பார்ப்பதில்லை. டிசம்பர் 31-ல் 14 முடிந்திருந்தால் அடுத்த பிரிவு. 2024-25-ல் 14 வயதுப் பிரிவுக்கு 1.1.2011 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும், அதனால் 2010 நவம்பரில் பிறந்தவள் 17-க்குப் போவாள், 2011 பிப்ரவரியில் பிறந்தவள் 14-லேயே இருப்பாள், இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருந்தாலும். மூன்று மாதம்தான் வித்தியாசம், ஆனால் சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றால் பக்கத்தில் இருப்பவள் ஒரு சாண் உயரமாக இருப்பாள். வயிற்றெரிச்சல்தான்! படிவத்தில் எச்.எம். சீல் போடுவதற்கு முன்னால் பிறந்த தேதியை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

டெக்சாஸ் கதை வேறு. அங்கே அளப்பது பிள்ளையை அல்ல, பள்ளியை. பள்ளிப் போட்டிகளை நடத்துகிற யு.ஐ.எல். என்கிற அமைப்பு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து ஒன் ஏ முதல் சிக்ஸ் ஏ வரை ஆறு பிரிவாகப் பள்ளிகளைப் பிரிக்கிறது. சுமார் 100 பேர் வரை படிக்கிற பள்ளி ஒன் ஏ, 2,200-க்கு மேல் போனால் சிக்ஸ் ஏ. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபடி எண்ணி மாற்றிப் போடுவார்கள். ஒன் ஏ பள்ளிகளில் பதினோரு பேரைத் திரட்ட முடியாது என்பதால் அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலையே ஆறு பேர் வைத்து ஆடுகிறார்கள். இன்னொன்று, அவர்கள் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்றால் கலெக்டர் உட்காருகிற மாவட்டம் இல்லை, ஒரே பிரிவில் இருக்கிற அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த ஒரு கூட்டம், அவ்வளவுதான். தடகளத்தில் அதில் முதல் நான்கு இடம் வந்தால் ‘ஏரியா’ என்கிற அடுத்த சுற்று, அப்புறம் ரீஜனல், கடைசியில் ஆஸ்டினில் மாநிலப் போட்டி.

என்னைக் கேட்டால் 100 மீட்டருக்கு வயதுக் கணக்கே சரி, தனியாக ஓடுகிற பிள்ளைக்குப் பள்ளி சின்னதா பெரியதா என்பது காலில் தெரியாது. கபடிக்கும் தொடர் ஓட்டத்துக்கும்தான் இடிக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்து மலைப்பள்ளி ஒன்று நான்கு பெண்களைத் தேடிப் பிடித்து ரிலே டீம் கட்டுவதும், ஆயிரம் பேர் படிக்கிற ஓசூர்ப் பள்ளி நாற்பது பேரில் நான்கு பேரைப் பொறுக்குவதும் ஒன்றா? அங்கே டெக்சாஸ்காரர்களிடம் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

கேள்வி: ஓசூரில் படித்த நான் மாவட்டப் போட்டிக்குத் தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். என் பையன் கிருஷ்ணகிரிக்குப் போகிறான். எப்போது மாறியது?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதிலிருந்து. பையனுக்கு இரண்டு லாபம்: பஸ் பயணம் குறைவு, எதிரே தர்மபுரிப் பிள்ளைகளும் இல்லை. அவர்களை இனி மாவட்டத்தைத் தாண்டினால்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: முதலமைச்சர் கோப்பையும் இதே போட்டிதானா?
- ஒரு மாணவி, அரூர்

பதில்: இல்லை. அதை நடத்துவது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், ஆன்லைனில் பெயர் பதிய வேண்டும். குறுவட்டத்தில் தோற்றிருந்தாலும் தாராளமாகப் பதியலாம்.